சுவர் வேர்த்த வைகாசி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். கதிரையில் உட்காரச் சொல்வார்கள், தேநீர் கொண்டு வருவார்கள், நானோ குளியலறைப் பக்கத்துச் சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். மருமகளுக்கு இதில் சரியான வெட்கம். "மாமி, போற இடத்திலயாவது கொஞ்சம் சும்மா இருங்க" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். உள்ளங்கையை விடப் புறங்கைக்குத்தான் ஈரம் சீக்கிரம் தெரியும் என்று விளக்கினால் இன்னும் கோபம் வரும். வரட்டும். நம் வயதுக்காரர்கள் கூடினால் முழங்கால் நோவையும் சீனி வருத்தத்தையும் பற்றிப் பேசுகிறோம். நடுவில் நான் தண்ணீர் மீட்டரைப் பற்றித் தொடங்கினால் நீங்களும்தான் சிரிக்கிறீர்கள். எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அப்போதும் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். எத்தனை பேர் பார்த்தீர்கள்? ஒருவரும் இல்லை. சரி, இன்றைக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து.

எங்கள் வீடு வாவிக் கரையில் இருந்தது. மாரியில் வேலிக்குள் தண்ணீர் வரும், கோடையில் சேற்று மணம் வரும். கிணற்றுத் தண்ணீர் உவர். சோற்றுக்கு நல்ல தண்ணீர் வெளியிலிருந்து அள்ளி வருவோம். மற்ற எல்லாவற்றுக்கும் இந்த உவர்த் தண்ணீர்தான். அப்பா தபால் கந்தோரில் லிகிதர், குமாஸ்தா வேலை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், முதன்முதலாகக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியவர் அவர்தான். மோட்டர் வந்தால் ஏற்றும் தண்ணீரை வைக்க மேலே ஒரு தாங்கி வேண்டுமே. பின்னறைச் சுவருக்கும் குளியலறைச் சுவருக்கும் மேலே, இரண்டின் தலையிலும் பாரம் இருக்கும்படி, செங்கல்லில் தாங்கி கட்ட அப்பா ஏற்பாடு செய்தார்.

பைப் வேலைக்கு வந்தவர் ஏறாவூர்க்காரர். முஸ்லிம் ஆட்களில் மூத்தவர் என்றால் நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவரும் எங்களுக்கு நானாதான். அவர் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது களிமண் வெச்சுக் கட்டின பழைய சுவர். இந்தப் பாரம் தாங்காது. நாலு தூண் எழுப்பி அதில வைப்பம். பைப்பையும் சுவருக்கு வெளியால விடுவம். உங்கட தண்ணி உப்பு, இரும்பத் தின்னும். வெளியால கிடந்தா ஒழுகக்குள்ள கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

அப்பாவுக்கு வெளியில் தெரிகிற பைப் என்றாலே ஆகாது. "கந்தோர்ச் சுவரில ஓடுற மாதிரி வீட்டுச் சுவரிலயும் பைப் ஓடினா என்ன வடிவு நானா?" என்றார். சுவரை வெட்டிப் பைப்பை உள்ளே புதைத்து, மேலே பூசி, வெளிர்நீலம் அடித்தார்கள். ஒழுங்கையே வந்து பார்த்தது. திருகினால் தண்ணீர் வருகிறது, பைப் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை! அன்றைக்கு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நானா தன் சாமான் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் வருடம் வைகாசியில்தான் வந்தது வினை.

கண்ணகை அம்மாள் கோயில் கதவு வருடத்துக்கு ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். வெயில் கொளுத்தும் அந்த மாதத்தில்தான் கொப்புளிப்பானும் வீடு வீடாகப் போகும். அந்தப் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. "அம்மாள் வந்திருக்கிறா" என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியின் நெஞ்சில் முதல் கொப்புளத்தைக் கண்ட உடனே அம்மா தலை முழுகிவிட்டு வந்து, வீட்டுக்குள் வரும் வேலிக் கடப்பில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினார். அந்தக் கொத்தைக் கண்டால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, உலக்கை போடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, சுவரிலோ நிலத்திலோ இரும்பு படக் கூடாது. சத்தமும் இடியும் அம்மாளுக்கு ஆகாது, கோபம் வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவா என்பார்கள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை அறை வாசலைத் தாண்டவே கூடாது. பதினோராம் நாள் வார்ப்பதென்று முடிவாயிற்று.

வீட்டில் குளிர்ச்சியான இடம் பின்னறை. தாங்கி இருந்த சுவரோரமாகப் பாய் போட்டு, அதன் மேல் வேப்பிலை பரப்பித் தம்பியைக் கிடத்தினார்கள். எனக்கு முன்பே அம்மாள் வந்து போயிருந்ததால் பக்கத்தில் இருந்து வேப்பங்குழையால் விசிறும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடமும் இல்லை. வேப்பிலைக் கசப்பும் மஞ்சளும் காய்ச்சல் பிள்ளையின் வாய் மணமும் கலந்த அந்த அறையில் பகல் முழுவதும் இருந்தேன். தம்பி அனுங்கி அனுங்கிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொள்வான். "அக்கா, சுவர் குளிருது. நல்லாரிக்கி" என்பான்.

மூன்றாம் நாள் நான் ஒரு களவு செய்தேன். ஒழுங்கை முனையில் என் சிநேகிதி வீட்டில் மணலை மீன் பொரித்தார்கள். இரண்டு நாளாகக் கஞ்சியும் உப்பில்லாத சோறும் தின்ற நாக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு துண்டு தின்றேன். கையை மூன்று தரம் மணலில் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அவன் தலைக்கு மேலே சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்கு நீல வர்ணம் உப்பி நிற்கிறது. காலையில் அது அங்கே இல்லை. விரலால் அமுக்கினேன். வெடித்து, வெள்ளை உப்புத் தூள் உதிர்ந்தது. உள்ளே ஈரம். மணந்து பார்த்தேன், கறள் மணம், துருப்பிடித்த இரும்பு மணம். அம்மாளுக்கு மீன் விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அம்மா பார்த்தார். ஏசப்போகிறார் என்று நான் ஒடுங்கி நிற்க, அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்து வளவில் இருந்த பெரியம்மாவை, அப்பாவின் அண்ணன் பெண்சாதியை, கூப்பிட்டார். பெரியம்மா உள்ளே வராமல் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"அம்மாள் குளுந்து நிக்கா! சுவர் வேர்க்கிது பாரு! இனிப் புள்ளைக்கு ஒண்டும் வராது. மஞ்சளப் பூசி விளக்கு வை."

அந்த ஈரத்தில் மஞ்சள் பூசினார்கள். மூன்று குங்குமப் பொட்டு வைத்தார்கள். கீழே விளக்கு எரிந்தது. அன்று பொழுதுபட, தம்பியின் காய்ச்சலும் தானாகக் குறைந்தது. அவ்வளவுதான், ஒழுங்கைப் பெண்கள் பின்வேலியில் நின்று ஜன்னலுக்குள்ளால் சுவரைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒழுகுகிற பைப்புக்கு விளக்கு வைத்த வீடு இந்த வாவிக் கரையில் எங்களுடைய வீடாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்குச் சிரிக்க ஒருவரும் இல்லை.

எனக்கு அரை நாள் நிம்மதி. பிறகு பார்த்தால் ஈரம் வளர்ந்திருந்தது. குங்குமம் கரைந்து வழிந்து சுவரில் சிவப்புக் கோடாக இறங்கிற்று. ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு கீறி வைத்தேன். அடுத்த நாள் ஈரம் கோட்டைத் தாண்டி நாலு விரல் போயிருந்தது. சுவரில் காதை வைத்தேன். சொட்டுச் சத்தம் இல்லை. உஸ்ஸென்று, விடாமல், யாரோ மிக மெதுவாகக் கதைப்பது போல ஒரு சத்தம். அம்மாள் என் மீன் களவைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா என்று நினைத்து, காதைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன்.

ஐந்தாம் நாள் காலையில் நானா சைக்கிளில் வந்தார். அப்பா சொல்லியனுப்பியிருந்தார். கடப்பில் வேப்பிலையைக் கண்டதும் நானா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

"வரச் சொன்னீங்களாம் ஐயா. அம்மாள் வந்திரிக்கா போல. நான் மறுகா வாறன்."

அப்பா விறாந்தையில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் நானா. சும்மா பைப்புக்கு ஒரு வாசர் மாத்தத்தான். அவசரமில்ல."

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நானா காதைச் சாய்த்துக் கேட்டார். "என்ன ஐயா, இந்த நேரத்தில மோட்டர் ஓடுது? முந்தி விடியக்க ஒருக்காத்தானே போடுவீங்க?"

"வெயில்தானே. தண்ணி கூட வேணும்."

"ஒண்டு செய்ங்க. பொழுதுபட எல்லாப் பைப்பையும் பூட்டிற்று, தாங்கித் தண்ணிக்கு ஒரு அடையாளம் வைங்க. விடியக்க தண்ணி குறைஞ்சிருந்தா சுவருக்குள்ளதான் போகுது. அப்பிடியெண்டா மோட்டரப் போடாதீங்க, தாங்கிய வடிய விட்டிருங்க. மற்றத மறுகா பார்ப்பம்."

"சரி, சரி" என்றார் அப்பா.

நானா வேப்பிலைக்குத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்து, உள்ளே வந்து ஒருதரம் அந்தச் சுவரைப் பார்த்திருக்கக் கூடாதா?

அவர் சொன்னதை அப்பா செய்வார் என்று பொழுதுபடும்வரை பார்த்தேன். அவர் சாய்மனைக் கதிரையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நானே போய் எல்லாப் பைப்பையும் இறுக்கிப் பூட்டினேன். ஏணியில் ஏறித் தாங்கிக்குள் தண்ணீர் நின்ற மட்டத்தில் கரித்துண்டால் கோடு போட்டேன். மறுநாள் விடிந்ததும், அம்மா வேப்பிலை ஒடிக்கப் போன நேரம் பார்த்துத் திரும்ப ஏறினேன். ஒருவரும் தண்ணீர் தொடவில்லை, ஆனாலும் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது. கீழே இறங்க வெகுநேரம் பிடித்தது.

ஆக, அது அம்மாள் இல்லை. பைப். சந்தோஷப்படத்தானே வேண்டும்? என் பயம் இரண்டு மடங்காயிற்று. களிமண் சுவர் நனைகிறது, அதன் தலையில் தாங்கி, அதன் அடியில் தம்பி. சொன்னால் சுவரை இடிக்க வேண்டும். இடித்தால் அம்மாள் தம்பியைக் கொண்டுபோவா. சொல்லாவிட்டால் சுவர் கொண்டுபோகும். எந்தப் பக்கம் யோசித்தாலும் தம்பிதான் செத்துப்போனான். பதினொரு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "அம்மா, நனைஞ்சா சுவர் விழுமா?"

"வாயக் கழுவு!" என்று அம்மா அகப்பையை ஓங்கினார். "அம்மாள் இரிக்கிற வீட்டில என்ன கதை கதைக்கிற நீ? உன்ட தம்பி எழும்பி வாறது உனக்குப் பிடிக்கல்லியா?"

அப்பா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சாப்பிட்டார். இனி அவரிடம் கேட்டும் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

தாங்கியை வடிய விடுவோம் என்று குளியலறைப் பைப்பை ஒருவருக்கும் தெரியாமல் திறந்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை என்று அம்மா சத்தம் போட்டார். அப்பா எழும்பிப் போய் மோட்டரைப் போட்டார். தாங்கி திரும்ப நிறைந்தது. இரண்டு தரம் இப்படி நடந்தது. மூன்றாம் தரம் எனக்குத் துணிவு வரவில்லை. மோட்டர் ஓடும் சத்தம் கேட்டாலே பின்னறைக்கு ஓடுவேன். தம்பியை இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் வா என்று சுவரை விட்டு இழுத்துப் பார்த்தேன். அவன் உருண்டு உருண்டு அந்தக் குளிர்ச்சிக்கே போனான்.

பத்தாம் நாள் காலையில் பின்னறைக் கதவு மூடவில்லை. நிலையில் இறுகிக்கொண்டு நின்றது. வேப்பிலை ஈரத்துக்குப் பலகை ஊதிவிட்டது என்றார் அம்மா. அப்பா கந்தோருக்குப் போகும் முன் அந்தக் கதவை இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்ப்பு. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டே விசிறினேன்.

மத்தியானம் ஆகவில்லை. தம்பியின் தலையணையில் பூச்சுக் கட்டி ஒன்று விழுந்தது. பிறகு சுவருக்குள்ளே மண் சொரிகிற சத்தம், நெல் மூட்டையின் வாயை அவிழ்த்தது போல. நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் பூசிய இடத்திலிருந்து தாங்கிவரைக்கும் ஒரு வெடிப்பு. அது நான் பார்த்துக்கொண்டிருக்கவே அகன்றது.

பாயின் நுனியைப் பிடித்து இழுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை இவ்வளவு பாரமா? "நோகுது அக்கா! நோகுதக்கா!" என்று அவன் குழறினான். கொப்புளங்கள் பாயில் உரசி உடைந்தன. வாசலில் வந்ததும் என் கை நின்றது. வாசலைத் தாண்டினால் அம்மாள் கொண்டுபோவா. "அம்மாளே, மீன் திண்டது நான், அவனில்ல. என்னக் கொண்டு போ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவனை வெளியே இழுத்தேன். முற்றத்து வெயிலுக்குள் கொண்டுவந்து விட்டேன்.

குசினியிலிருந்து அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்தார். கோப்பை விழுந்தது. என் கன்னத்தில் விழுந்த அடியில் காது அடைத்துப்போயிற்று. "அம்மாள் இரிக்கிற புள்ளைய வெயிலுக்குள்ள கொண்டு வந்திற்றியே! கொன்று போட்டியே!" என்று அலறிக்கொண்டு தம்பியை அள்ளித் தோளில் போட்டு உள்ளே திரும்பினார்.

நான் விழுந்து அவர் காலைக் கட்டிப் பிடித்தேன். "போகாதீங்கம்மா! அது அம்மாள் இல்ல, பைப்! பைப் ஒழுகுது!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம். நான் சொன்ன வார்த்தைக்கு அந்த இடத்திலேயே தம்பியின் உயிர் போய்விடும் என்று பயந்தார். காலை உதறிக்கொண்டு ஓடினார். ஒரு கால் வாசற்படியில் இருந்தது.

"உள்ளுக்குப் போகாத!"

அப்பாவின் குரல். சாப்பாட்டுக்கு வந்தவர் கடப்பிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அப்படி ஒரு சத்தம் அவருக்கு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவின் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூன்று பேரும் மணலில் விழுந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வீடு அப்படியே நின்றது. தம்பி அழுதான். அம்மா எழும்பி உட்கார்ந்து, "அப்பனும் மகளும் சேர்ந்து என்ன பாவம் பண்றீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கை கீழே வருவதற்குள் தாங்கி ஒரு பக்கம் சரிந்தது. சுவர் அவசரமில்லாமல் அறைக்குள் படுத்தது. பிறகுதான் சத்தம். வாசலால் தண்ணீர் சேறாக வெளியே வந்தது, வேப்பிலையையும் தலையணையையும் விளக்கையும் கொண்டு எங்கள் கால்வரைக்கும் வந்தது. தலையணை கிடந்த இடத்தில் தாங்கியின் அடித்தளம் முழுதாகக் கிடந்தது.

ஊர் கூடிற்று. பெரியம்மாதான் முதலில் சொன்னார்: "அம்மாள்தான் புள்ளைய வெளிய கூப்பிட்டிரிக்கா. இவள்ள கையால கூப்பிட்டிரிக்கா." அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அடித்த கன்னத்தில் மஞ்சள் தடவி என்னைக் கும்பிடவும் செய்தார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது, ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. தம்பிக்கு மறுநாள் பெரியம்மா வீட்டில் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். பிழைத்துவிட்டான். முதுகில் பாய் உரசின தழும்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிகிறான்.

இரண்டு நாள் கழித்து நானா வந்தார். வேப்பிலை இல்லாத கடப்பால் நேரே உள்ளே வந்து, இடிபாட்டைக் கிளறிப் பைப்பை இழுத்தெடுத்தார். வளைவில் பூட்டியிருந்த துண்டு அவர் விரலில் பொடியாக உதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அடையாளம் வெச்சுப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்டார்.

"மறந்திற்றன் நானா" என்றார் அப்பா.

நானா போன பிறகு அப்பா செங்கல் குவியலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். நான் தள்ளியே நின்றேன். "கிட்ட வா" என்றார். போனேன். பத்து நாளாக மழிக்காத அவர் முகம் யாரோ ஒருவருடையதாக இருந்தது. ஒரு கல்லில் ஒட்டியிருந்த ஈரக் களிமண்ணை நகத்தால் கிளறிக்கொண்டே கேட்டார்.

"சுவர் விழ முந்தி, உனக்கு எத்தினை நாளாத் தெரியும், மகள்?"

பொய் சொல்லத் தோன்றியது. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு நாள்" என்றேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அடிக்கப்போகிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஆறு" என்றார் அப்பா.